பிரளயம் கண்டவர்களின் வேதவாசிப்பு

கெமர் மொழியில் இனப்படுகொலைக்கு ‘ப்ரலை பூச் சாஸ்’ என்று பெயர். பின்னிரண்டு சொற்களும் இனம், வம்சம் என்று பொருள்படுபவை. முதற்சொல் நமக்குத் தெரிந்ததுதான்: பிரளயம். நாம் கொலை என்று சொல்லும் இடத்தில் கம்போடியர்கள் உலக முடிவைச் சொல்கிறார்கள். நோவா காலத்து வெள்ளத்தை ‘ஜலப்பிரளயம்’ என்று படித்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பாரம் உடனே விளங்கும்.

அந்தப் பிரளயத்தில் தப்பியவர்களில் ஒரு பகுதியினர் தாய்லாந்து எல்லை முகாம்களில் கிறிஸ்துவை ஏற்றார்கள். பிறகு அமெரிக்கா, பிரான்ஸ், கனடா என்று சிதறினார்கள். அவர்கள் எழுதிய நூல்களிலும் சபைகளில் சொன்ன சாட்சிகளிலும் இரண்டு விஷயங்கள் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் ஆட்சியில் கண்டது. மற்றது, கடைசிக் காலத்தைப் பற்றி வேதம் சொல்வது. இந்தப் பின்னலை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இங்கே கேள்வி.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை புனோம் பென் நகருக்குள் நுழைந்தது. அமெரிக்கர்கள் குண்டு வீசப்போகிறார்கள், மூன்றே நாளில் வீடு திரும்பலாம் என்று சொல்லி, ஏறத்தாழ இருபது லட்சம் பேரைச் சாலைகளில் இறக்கிவிட்டார்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் மாதம். மருத்துவமனைக் கட்டிலோடு, தொங்கும் மருந்து பாட்டிலோடு நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள் உறவினர்கள். அந்த மூன்று நாள் 3 ஆண்டு 8 மாதம் 20 நாளாக நீண்டது. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை தலைநகருக்குள் வந்தபோது, சுமார் 78 லட்சமாக இருந்த மக்களில் 15 முதல் 20 லட்சம் பேர் இல்லை. வெட்டியும் அடித்தும் கொன்றவர்கள் ஒரு பங்கு. பட்டினியிலும் மருந்தில்லாத காய்ச்சலிலும் போனவர்கள் இன்னொரு பங்கு.

இதைக் கடந்து வந்தவர் மத்தேயு 24ஆம் அதிகாரத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? கூரைமேல் நிற்பவனுக்குக் கீழே இறங்கிச் சாமான் எடுக்க நேரமிருக்காது என்கிறது அந்த அதிகாரம். வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் கைக்குழந்தைக்காரிகளும் படப்போகும் பாட்டைச் சொல்கிறது. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பார்கள், பலருடைய அன்பு தணிந்துபோகும் என்கிறது. மற்ற நாட்டுச் சபைகளில் இது வரப்போவதைப் பற்றிய எச்சரிக்கை. கம்போடிய அகதிக்கு இது நடந்துபோனதின் விவரம். தன் ஊர்ச் சாலையை, தன் அக்காவின் பிரசவத்தை, தன்னைக் காட்டிக்கொடுத்த அண்டை வீட்டுப் பையனை அவர் அதில் அடையாளம் காண்கிறார். வேதம் தன்னை ஏற்கெனவே அறிந்திருக்கிறது என்ற அதிர்ச்சியில்தான் பலருடைய விசுவாசம் தொடங்கியிருக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ‘சோற்றுக் கிறிஸ்தவர்கள்’ என்று முகாம்களில் மதம் மாறியவர்களை எளிதாகத் தள்ளிவிடும் வழக்கம் உண்டு. சோறும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பட்டினி கிடந்தவனிடம் சோற்றைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சோறு மட்டுமே காரணம் என்றால், வேறு நாடு போய் வயிறு நிறைந்த பிறகும் நாற்பது ஆண்டுகளாக அதே அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு விளக்கம் கிடையாது.

அவர்களுக்குத் தீர்க்கதரிசனம் என்பது மிஷனரி கொண்டுவந்து கொடுத்த புதுச்சரக்கும் அல்ல. ‘புத் தும்நியாய்’ என்று ஒரு மரபு கம்போடியக் கிராமங்களில் தலைமுறைகளாக வழங்கியது. புத்தர் சொன்னதாக நம்பப்பட்ட வருங்காலக் குறிப்புகள் அவை. வீடுகள் இருக்கும், குடியிருக்க ஆளிருக்காது. சாலைகள் இருக்கும், நடக்க ஆளிருக்காது. நாய்வாலில் ஒட்டிய ஒரு பருக்கைக்கு மனிதர்கள் அடித்துக்கொள்வார்கள். ஊமையும் செவிடுமே பிழைக்கும் என்கிற வகையில் அவை போகும். கெமர் ரூஜ் காலத்தில் முதியவர்கள் இவற்றை நினைத்து, ‘தாத்தா சொன்னது பலித்துவிட்டது’ என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள். ‘இலவமரம் நடு’ என்பது அன்று ரகசியமாகப் பரவிய அறிவுரை. கெமர் மொழியில் இலவமரத்துக்கும் ஊமைக்கும் ஒரே ஒலி. வாயைத் திறக்காதே, பிழைத்துக்கொள் என்பதுதான் அதன் பொருள்.

இந்த மரபில் தமிழ் வாசகரை உறுத்தும் ஒரு சொல் இருக்கிறது. கடைசிக் காலத்தில் நாட்டைப் பிடித்து அறத்தை அழிக்கப்போகிறவர்களுக்கு அந்தக் குறிப்புகள் வைத்திருக்கும் பெயர் ‘த்மில்’. நாத்திகர், கொடியவர் என்று இன்று அதற்குப் பொருள். பாலி மொழியின் ‘தமிள’, அதாவது தமிழர் என்பதே இதன் வேர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இலங்கையின் பௌத்த வரலாற்று நூல்கள் தமிழரை வைத்துப் பார்த்த பார்வை, தேரவாத பௌத்தத்தோடு கடல் கடந்து மெகோங் கரை வரை போயிருக்கிறது. உலக முடிவைப் பற்றிய கதைகள் எதிரிக்கு ஒரு முகம் கொடுக்காமல் நிற்பதில்லை. அந்த முகம் யாருடையது என்பது கதை சொல்பவரைப் பொறுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றத் தீர்க்கதரிசனங்களையும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

கிறிஸ்தவத் தீர்க்கதரிசனம் கம்போடியாவுக்கு வந்த வழி வேறு. 1887இல் ஏ.பி. சிம்சன் தொடங்கிய அலையன்ஸ் மிஷனின் உபதேசம் நான்கு தூண்களில் நின்றது: இயேசு இரட்சகர், பரிசுத்தமாக்குகிறவர், சுகமளிப்பவர், வரப்போகும் அரசர். உலகெங்கும் சுவிசேஷம் போய்ச்சேர்ந்த பிறகே முடிவு வரும் என்ற மத்தேயு 24இன் வரியைச் சிம்சன் தம் ஊழியத்தின் இயந்திரமாகவே கொண்டிருந்தார். அதாவது மிஷனரிகள் அங்கே போனதே கடைசிக் காலத்தை முன்னிட்டு. 1923இல் ஆர்தர் ஹேமண்டும் டேவிட் எல்லிசனும் வந்தார்கள். ஹேமண்ட் பல்லாண்டு உழைத்த கெமர் பைபிள் 1954இல் முழுமையாக வெளிவந்தது. சபை அப்போதும் சிறியதுதான். 1970இல் லோன் நோல் ஆட்சியைக் கைப்பற்றியபின் தலைநகரில் அது திடீரென்று பெருகியது. அந்த வளர்ச்சி ஐந்தே ஆண்டு.

அதே 1970இல் அமெரிக்காவில் ஹால் லிண்ட்சேயின் ‘தி லேட் கிரேட் பிளானட் எர்த்’ வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றது. கோகு என்பது ரஷ்யா, கிழக்கின் ராஜாக்கள் என்பது சீனாவின் இருபது கோடிப் படை என்று அது வேதத்தைச் செய்தித்தாளோடு பொருத்திக் காட்டியது. 1980களில் கம்போடிய அகதிகளை லாங் பீச்சுக்கும் லோவலுக்கும் வரவேற்று, வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்து, குளிர்கோட்டு வாங்கிக் கொடுத்த சபைகள் பலவற்றில் இந்தப் பார்வைதான் காற்றாக வீசிக்கொண்டிருந்தது. அந்த அன்பு உண்மையானது. அதற்கு அகதிகள் இன்றும் நன்றி சொல்கிறார்கள். ஆனால் அந்த வரைபடத்தில் கம்போடியா இல்லை. 1969 முதல் 1973 ஆகஸ்ட் வரை அந்த நாட்டு வயல்களின்மேல் குண்டு பொழிந்த பி-52 விமானங்களும் இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகம் எப்போதும் அடுத்தவர் நாட்டிலிருந்தே எழுந்துவரும் என்று நம்புவது எளிது. தன் கிராமத்தை முதலில் அமெரிக்கக் குண்டும் பிறகு கெமர் ரூஜும் அழித்ததைப் பார்த்தவருக்கு அந்த எளிமை வாய்க்காது.

இன்னொரு முரணும் அங்கேதான் எழுந்தது. உபத்திரவ காலம் தொடங்குமுன் விசுவாசிகள் இரகசிய வருகையில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது அந்தச் சபைகளின் போதனை. ஆனால் கம்போடியாவில் நடந்தது அப்படியல்ல. டைங் சிர்க் என்ற ராணுவ மேஜர் மனைவியையும் மகளையும் ஸ்காட்லாந்தில் விட்டுவிட்டு, தம் மக்களுக்கு ஊழியம் செய்யவேண்டும் என்று நாடு திரும்பினார். நகரம் வீழ்ந்த நாட்களில் கொல்லப்பட்டார். பிரான்சிலிருந்து அழைப்பை ஏற்றுத் திரும்பிய ஜோசப் சமார் சலாஸ் 1975 ஏப்ரல் 14 அன்று, ராக்கெட்டுகள் விழுந்துகொண்டிருந்த புனோம் பென்னில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். முதல் கெமர் ஆயர் அவர்தான். மூன்றாம் நாள் மற்றவர்களோடு அவரும் துரத்தப்பட்டார். 1977இல் தாங் கோக் என்ற ஊரில் வேலையாலும் பசியாலும் தேய்ந்து இறந்தார். இவர்களை யாரும் முன்கூட்டி எடுத்துக்கொள்ளவில்லை. எனவே கம்போடியச் சாட்சிகளில் தப்புவிக்கப்படுதல் என்ற பேச்சைவிட, கூடவே இருந்தார் என்ற பேச்சுதான் அதிகம் வருகிறது. இது இறையியல் பட்டம் பெற்றவர்கள் கண்டுபிடித்த திருத்தம் அல்ல. சேற்றில் கால் ஊன்றி நின்றவர்களின் திருத்தம்.

இந்தச் சாட்சிகளில் மூன்று விதமான வாசிப்புகளைப் பார்க்க முடிகிறது. கம்போடியாவில் நடந்தது கடைசிக் காலத்தின் அடையாளம் என்பது ஒன்று. சிலைகளை வணங்கிய நாட்டின்மேல் தேவன் விட்ட தண்டனை என்பது இன்னொன்று. இவ்விரண்டும் ஒரே குற்றத்தைச் செய்கின்றன என்பது என் கருத்து. ‘முற்பிறவியில் நாம் என்ன கர்மம் செய்தோமோ’ என்று பௌத்தத் தாய்மார்கள் தம்மையே கேட்டுக்கொண்டு அழுதார்கள். அந்தக் கேள்வியின் சுமையிலிருந்து விடுபடத்தான் சிலர் கிறிஸ்துவிடம் வந்தார்கள். வந்தவர்களிடம் ‘இது உன் நாட்டின் பாவத்துக்குத் தண்டனை’ என்று சொன்னால், இறக்கிவைத்த சுமையையே வேறு பெயரில் மறுபடி ஏற்றுவதாகும். அடையாளம் என்ற பேச்சும் அப்படித்தான். நான்கு வயதில் நீர்க்கஞ்சிக்கு அழுது செத்த தம்பி, யாரோ கணக்குப் போடும் அட்டவணையில் ஒரு புள்ளியாக மாறிவிடுகிறான். செத்தவர்கள் நமக்குச் செய்தி சொல்வதற்காகச் சாகவில்லை.

மூன்றாவது வாசிப்பு வெளிப்படுத்தின விசேஷத்தைக் காலண்டராகப் பார்க்காமல் வழக்காடுமன்றமாகப் பார்க்கிறது. அது கெமர் ரூஜை ஒரு போலிப் பரலோக ராஜ்யமாக அடையாளம் காண்கிறது. உண்மையில் அந்த இயக்கத்துக்கும் ஒரு கடைசிக் காலக் கனவு இருந்தது. பழைய உலகத்தைத் துடைத்தெறிந்தால் புதிய உலகம் தானே முளைக்கும் என்று நம்பினார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் பிரான்சுவா பொன்ஷோ 1977இல் அந்தக் கொடுமையை உலகுக்குச் சொன்ன தம் நூலுக்குப் ‘பூஜ்ய ஆண்டு’ என்று பெயரிட்டது அதனால்தான். பணத்தை ஒழித்தார்கள், தேசிய வங்கியை வெடிவைத்துத் தகர்த்தார்கள், கத்தோலிக்கப் பேராலயத்தைக் கல் கல்லாகப் பெயர்த்தார்கள். ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் என்று கட்டளையிட்டு, விளைவித்தவர்களையே பட்டினி போட்டார்கள். ‘அங்கார்’, அதாவது அமைப்பு, தாய்தந்தையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அங்காருக்கு அன்னாசிப் பழத்தைப்போல் உடம்பெல்லாம் கண் என்று மக்களை எச்சரித்தார்கள்.

துவோல் ஸ்லெங் பள்ளிக்கூடத்தைச் சிறையாக்கினார்கள். எஸ்-21 என்பது அதன் ரகசியப் பெயர். இன்று அது அருங்காட்சியகம். வகுப்பறைத் தரையில் கட்டம் கட்டமான பழைய ஓடுகள், நடுவில் இரும்புக் கட்டில், கால் விலங்கு, மலஜலத்துக்குத் தோட்டாப் பெட்டி. அடுத்த கட்டடத்தில் வரிசை வரிசையாகக் கறுப்பு வெள்ளைப் படங்கள். உள்ளே கொண்டுவந்தவுடன் ஒவ்வொருவரையும் எண் குத்திப் படம் பிடித்தார்கள். சட்டையில் ஊக்கால் குத்திய அட்டை பெரும்பாலும். சட்டை இல்லாத ஓர் இளைஞனின் படம் இருக்கிறது. எண்ணை மார்புத் தோலிலேயே குத்தியிருக்கிறார்கள். அவன் நேராகப் பார்க்கிறான். மிருகத்தின் முத்திரையைப் பற்றி நம் கூட்டங்களில் எத்தனையோ ஊகங்கள்: பார்கோடு, ஆதார், கையில் பொருத்தும் சில்லு. அந்தப் படத்தின் முன் நின்றவர்களால் மனித உடம்பின்மேல் எண் குத்தும் அதிகாரத்தை எதிர்காலத்தில் தேட முடியாது.

இதே சிறையின் தலைவன்தான் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக்கியவன். காங் கெக் இயவ், ‘டொய்க்’ என்ற பெயரில் அறியப்பட்டவன். ஒரு காலத்துக் கணக்கு ஆசிரியன். அவனுடைய மேற்பார்வையில் குறைந்தது 12,272 பேர் கொல்லப்பட்டதாக நீதிமன்றம் பின்னர் கணக்கிட்டது. ஆட்சி வீழ்ந்தபின் பெயரை மாற்றிக்கொண்டு மறைந்து வாழ்ந்தான். 1996இல் ஞானஸ்நானம் பெற்றான். கொடுத்தவர் கிறிஸ்டோபர் லாபெல், லாஸ் ஏஞ்சலிசில் வாழ்ந்த கம்போடியப் போதகர். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் கெமர் ரூஜ் காலத்தில் இழந்தவர். தான் தண்ணீரில் முழுக்கி எடுப்பது யாரை என்று அவருக்கு அப்போது தெரியாது. 1999இல் பத்திரிகையாளர்கள் டொய்க்கைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னபோதுதான் தெரிந்தது. மன்னிக்கிறேன் என்றார் லாபெல்.

எத்தனை பேருக்கு இது மீட்பின் அற்புதம், எத்தனை பேருக்கு இது இடி! கிறிஸ்துவைக் கெமர் மக்கள் ‘உள்ளே போகிற இடம்’ போல்தான் பேசுவார்கள்: ‘இயேசுவுக்குள் போய்விட்டான்’ என்பது மதமாற்றத்துக்கு அவர்கள் வழக்கு. கொலைகாரன் உள்ளே போய்விட்டான். தப்பியவர் ஒருவர் கேட்கலாம்: கொல்லப்பட்ட என் தாய் வெளியே நிற்கிறாளா? 2008 பிப்ரவரியில் சுங் ஏக் கொலைக்களத்துக்கு நீதிபதிகள் அவனை அழைத்துப்போனபோது, குழந்தைகளை அடித்துக் கொன்ற மரத்தின் முன் அவன் அழுததாகச் செய்தி வந்தது. விசாரணை முழுதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவன், 2009 நவம்பரில் கடைசி நாளன்று தன்னை விடுதலை செய்யுமாறு கேட்டான். அரங்கில் இருந்த உறவினர்களுக்கு அது எப்படியிருந்திருக்கும்! 2010இல் 35 ஆண்டுச் சிறை. 2012இல் மேல்முறையீட்டில் ஆயுள். 2020 செப்டம்பர் 2 அன்று காவலில் இறந்தான். அவனுடைய மனந்திரும்புதல் உண்மையா என்று தீர்ப்பளிக்க எனக்கு இடமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். லாபெல் தமக்குச் செய்த தீங்கை மன்னித்தார். அது அவர் உரிமை. 12,272 பேரின் சார்பில் மன்னிக்க அவருக்கோ வேறு எந்தப் போதகருக்கோ யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் பலிபீடத்தின் கீழிருந்து கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்கின்றன. கம்போடியர்கள் கேட்டுக் களைத்த கேள்வி அது. கெமர் ரூஜ் தலைவன் போல் போட் 1998 ஏப்ரலில் எந்தச் சர்வதேச நீதிமன்றத்தின் முன்னும் நிற்காமல் செத்தான். அவன் ஆட்சி கவிழ்ந்த பின்னும் பல ஆண்டுகள் ஐ.நா. அதன் பிரதிநிதிகளுக்கே கம்போடியாவின் இருக்கையைக் கொடுத்து வைத்திருந்தது. 2006இல் பணி தொடங்கிய சிறப்பு நீதிமன்றம் 2022 வரை 30 கோடி டாலருக்குமேல் செலவழித்து மூன்று பேரைத் தண்டித்தது. 2018இல் கெமர் ரூஜ் தலைவர்கள் நுவோன் சியா, கியூ சம்பான் இருவர்மீதும் இனப்படுகொலைக் குற்றம் தீர்ப்பானபோது, நுவோன் சியாவுக்கு அது வியட்நாமியரையும் சாம் முஸ்லிம்களையும் கொன்றதற்காகத்தான், கியூ சம்பானுக்கு வியட்நாமியரைக் கொன்றதற்காக மட்டும்தான். கெமர் கெமரைக் கொன்றதை 1948ஆம் ஆண்டு இனப்படுகொலை ஒப்பந்தத்தின் சொற்களுக்குள் அடக்க முடியவில்லை. பெரும்பாலானோரின் சாவுக்கு மனிதச் சட்டத்தில் அந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை என்றால், அவர்கள் கடைசி நியாயத்தீர்ப்பைப் பற்றிக்கொள்வதை மூடநம்பிக்கை என்று எப்படிச் சொல்வது?

பழிவாங்கும் வெறியாக அது மாறாமல் காத்துக்கொண்டவர்களும் உண்டு. சொக்ரிக்சா ஹிம் சிறுவனாக இருந்தபோது, 1977இல் சியெம் ரீப் பகுதிக் காட்டில் அவர் குடும்பத்தையே குழியருகே வெட்டித் தள்ளினார்கள். உறவினரின் உடல்களுக்கு அடியிலிருந்து அவர் உயிரோடு ஊர்ந்து வெளியே வந்தார். கொன்றவர்களைக் கொல்வேன் என்று அந்தக் குழியின் அருகே சபதம் செய்தார். காவோ-ஐ-டாங் முகாம், கனடா, கிறிஸ்தவ விசுவாசம் என்று பல ஆண்டு கடந்தபின் திரும்பிப் போய் அவர்களைத் தேடினார். கண்டுபிடித்து, கிராமா என்ற கட்டம்போட்ட துண்டு ஒன்றும், ஒரு சட்டையும், ஒரு பைபிளும் கொடுத்தார். கெமர் ரூஜ்காரர்கள் கழுத்தில் சுற்றியிருந்ததும் கிராமாதான். கம்போடியத் தாய் பிள்ளையைத் தூளி கட்டுவதும் அதில்தான். 2003இல் வந்த அவர் நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும், மன்னிப்பு ஒரே நாளில் வந்ததாக அவர் எங்கும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் பௌத்தரான மகா கோசானந்தாவை விட்டுவிட்டுப் போவது அநியாயம். 1979இல் சா கேயோ முகாமுக்குள் காவியுடையோடு அவர் நடந்துபோனபோது, பல ஆண்டுகளாகப் பிக்கு ஒருவரைக் கண்ணால் காணாத மக்கள் விழுந்து அழுதார்கள். பகையைப் பகையால் தணிக்க முடியாது என்ற பழைய போதனையை அவர்களோடு சேர்ந்து ஓதினார். மன்னிப்பு கிறிஸ்தவம் மட்டுமே கொண்டுவந்தது என்று சில சாட்சிப் புத்தகங்கள் எழுதுவது தவறு.

எல்லாவற்றையும்விட ஆழமான வலி இறந்தவர்களைப் பற்றியது. புரட்டாசியை ஒட்டி வரும் தேய்பிறைப் பதினைந்து நாளும் கம்போடியாவில் ‘ப்சும் பென்’. நம் மகாளய பட்சமும் அதே தேய்பிறைதான். ‘பென்’ என்பதும் நம் பிண்டம்தான். பசியோடு அலையும் முன்னோர் தமக்காகப் படைத்திருக்கிறார்களா என்று ஏழு விகாரைகளில் தேடிப் பார்ப்பார்களாம். வெளிச்சம் அவர்களுக்கு ஆகாது. எனவே விடியுமுன் இருட்டில் சோற்றுருண்டைகளை எறிவார்கள். பசியால் செத்த தாய்க்கு வருடம் ஒருமுறை சோறு போடும் நாட்கள் அவை. புராட்டஸ்டண்ட் சபைகள் பலவற்றில் இது கூடாது. கத்தோலிக்கர்கள் அந்த நாட்களில் இறந்தோருக்காகத் திருப்பலி வைக்கிறார்கள். கிறிஸ்துவை அறியாமல் இறந்த பெற்றோர் கடைசி நாளில் எங்கே நிற்பார்கள் என்று அகதிகளின் சபைகளில் எழும் கேள்விக்கு அட்டவணை போடுபவர்களிடம் உடனடிப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலோடு வீடு திரும்ப முடியாதவர்கள் அதிகம். பலிபீடத்தின் கீழ் இருப்பவர்கள் வசனத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் என்றுதான் வேதம் சொல்கிறது. அதை மாற்றி வாசிக்க எனக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் கல்லறையில்லாத, பெயர் எழுதாத, ஊமையாக இருந்தும் பிழைக்காத லட்சக்கணக்கானோரின் குரல் வேறெங்கிருந்து எழும் என்றும் தெரியவில்லை. அந்தப் பதினைந்து நாளும் விகாரைக்குப் போகாமல், சோறும் எறியாமல், தாயின் பெயரை மட்டும் கெமர் மொழியில் சொல்லி ஜெபிக்கிறவர்கள் அந்தக் கேள்வியைத் தினமும் இருட்டோடு எழுந்து கேட்கிறார்கள்.